கூடக்குறைய

தேவகோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
என் ஃபிளெக்ஸ் கடை.
காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள்,
மாதம் பத்துப் பன்னிரண்டு கண்ணீர் அஞ்சலி.
அதற்கென்று ஒரு கோப்பு கணினியில் கிடக்கிறது:
இரண்டு பக்கமும் குத்துவிளக்கு,
நடுவில் வெற்று வட்டம்,
அடியில் பண்பாளர், பாசமிகு.
பெயரை மாற்றினால் போதும்.

குருமடத்தில் நாலு வருஷம் இருந்தவன் நான்.
பாதியில் வந்துவிட்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.
கூட வந்தது அரைகுறை லத்தீனும்
ரோமாபுரிக் கல்லறை எழுத்துகள் பற்றி
அட்டை போன ஒரு புத்தகமும்.
மின்சாரம் நின்றால் அதைப் பிரிப்பேன்.

அங்கேயும் கோப்பு இருந்திருக்கிறது.
'முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தாள்
ஒரு மனத்தாங்கல் இல்லாமல்.'
எத்தனை கல்லில் அதே வரி!
கொத்தியவன் உளியை ஊதிவிட்டுச்
சிரித்திருப்பான்.

பிள்ளை செத்த கல்லில்தான் கை நடுங்கும்:
நாலு வருஷம், ஏழு மாசம், பதினோரு நாள்.
சிலதில் மணிக்கணக்கு வரை.
பெரியவர்களுக்கு ஐம்பது, அறுபது என்று
முழுசாய்ப் போட்டுவிட்டுப் போனவர்கள்
குழந்தைக்கு ஒரு நாளைக்கூட விட்டுத்தரவில்லை.

பிறந்த நாளை யாரும் குறித்து வைக்காதவர்களுக்கு
இரண்டு சொல் இருந்தது.
ப்ளுஸ் மினுஸ்.
கூடக்குறைய.

போன வியாழன் அடைக்கம்மை ஆச்சி வந்தார்கள்.
கையில் ஓர் ஆதார் நகல்.
'இருளாயிக்கு அடிக்கணும். நாளைக்குப் பதினாறு.'
அட்டையில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று.
தேதி தெரியாத இந்தச் சீமையே
அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது.

'கீழே யார் பேரு ஆச்சி? மகன், மகள்?'
'கிடையாது.'
'புருஷன்?'
'விட்டுட்டுப் போயிட்டான்.'
'அப்ப உங்களுக்கு என்ன முறை?'

மின்விசிறியைப் பார்த்தார்கள்.
'என் தம்பியப் பன்னெண்டு வயசுல
ராங்கியத்துக்குப் பிள்ளை கூட்டிவிட்டாக.
பத்திரம், சாட்சி, விருந்து.
சாயங்காலம் முறை மாறிப்போச்சு.
இவ எங்க வீட்டுல அம்பது வருஷம்.
ஒரு துண்டுக் காகிதம் இல்லை.'

நான் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம்:
ரோமாபுரியில் தன் பால்தாய்க்குக் கல் நட்டவர்கள் உண்டு.
'எனக்கும், என் மனைவிக்கும், எங்கள் மக்களுக்கும்,
நாங்கள் விடுதலை செய்தவர்களுக்கும்,
அவர்கள் வழி வருவோர்க்கும்' என்று
ஒரே கல்லறையில் இடம் எழுதிவைத்த குடும்பங்கள் உண்டு.
(கடைசி வரிக்குள் கல் தீர்ந்து
எழுத்து சிறுத்துப்போவதைச் சொல்லவில்லை.)

ஆச்சி கேட்டார்கள்:
'அவுக சம்பளம் எவ்வளவுன்னு போட்டிருக்கா?'
'இல்லை ஆச்சி.'
'போட மாட்டாக. நானும் போட மாட்டேன்.
கேட்டா எனக்குத்தான் அசிங்கம்.'

பண்பாளரை எடுக்கச் சொன்னார்கள்.
பாசமிகுவை எடுத்தேன்.
'என்னோட சண்டை போடாத நாளில்லை.
அத வேணா போடு.'
போட்டேன். இருபத்தெட்டுப் புள்ளி.
வயது: கூடக்குறைய அறுபத்தைந்து.
கீழே அடைக்கம்மை என்று மட்டும்,
முறைக்கு விட்ட இடம் அப்படியே.

படம் என்று ஒன்றுதான்,
யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது.
ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு
தாம்பாளத்தோடு நிற்கிறாள்.
பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாய் உடைந்தது.
தோளில் வேறு யாரோ ஒருத்தியின் பட்டு முந்தானை.
'அழிச்சிடவா?'

'அது நான்தான்' என்றார்கள்.
'எட்டுக்கு ஆறா அடி.
சின்னதா வேண்டாம்.'